பாலேந்திரா அண்ணைக்குப் படைத்த மக்ரல்

மக்ரல் தூண்டிலில் வந்து கரையில் விழுந்தால் ஒரு நிமிஷம் தாங்காது. அப்படியொரு பொறுமை கெட்ட மீன் அது. துடிக்கிற துடிப்பிலேயே உயிரை விட்டுவிட்டு, கண்ணை முழித்தபடி கிடக்கும். போதாததற்கு, பிடித்த கையோடு செவுளுக்குள் விரலைக் கொடுத்து, தலையைப் பின்னுக்கு மடித்து, கழுத்தை முறித்து இரத்தத்தை வடியவிடுவது பாஸ்கரனுடைய வழக்கம். அன்றைக்கும் ஆறு மீனுக்கும் அப்படித்தான் செய்தான். கடல் தண்ணீரில் அலசி, ஐஸ் பெட்டிக்குள் தலைமாறித் தலை வைத்து அடுக்கி, மூடியை இறுக்கிக் காரின் பின்பக்கம் வைத்து ஒன்றரை மணித்தியாலம் ஆகிவிட்டது. கென்ற் கரையிலிருந்து வந்து டாட்பர்ட் சுரங்கத்துக்குள் கார் இறங்கும்போது, பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

டப்.

பெட்டி அசைகிற சத்தமல்ல அது. முப்பது வருஷமாக மீன் பிடிக்கிறவனுக்கு அது கூடவா தெரியாது. பிளாஸ்ரிக்கில் வால் அடிக்கிற சத்தம். ரேடியோவை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டு ஓட்டினான். சுரங்கத்தின் மஞ்சள் விளக்குகள் கண்ணாடியில் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிப் போயின. சுவருக்கு அந்தப் பக்கம் முழுக்க ஆற்றுத் தண்ணீர்தான் என்ற நினைப்பு அன்றைக்குப் பார்த்து வந்து தொலைத்தது. இன்னொரு தரம் கேட்டது. பிறகு ஓய்ந்துவிட்டது.

சுரங்கம் தாண்டி முதல் வந்த பெற்றோல் ஸ்டேஷனில் நிறுத்திப் பெட்டியைத் திறந்தான். ஆறும் செத்த மீன்தான். கழுத்து முறிந்து, வாய் பிளந்து, ஐஸுக்குமேல் பச்சையும் நீலமும் மின்னக் கிடந்தன. ஆனால் தலைமாறித் தலை வைத்த மீன்கள், இப்போது ஆறு தலையும் ஒரே பக்கம் பார்த்தபடி கிடந்தன. அவன் நின்ற பக்கம்.

வீதி குலுக்கியதில் புரண்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூடினான்.  ஒரு வருஷமாகக் கடல் பக்கமே போகாதவன், இன்றைக்குப் போயிருக்கிறான். மனம் இல்லாததைக் காட்டத்தான் செய்யும்.

போன வருஷம் மே மாதம் வரைக்கும் அவன் தனியாகப் போனதில்லை. லண்டன் அப்டன் பார்க்கில் அவன் வேலை செய்கிற காய்கறிக் கடையில்தான் பாலேந்திரா அண்ணையும் வேலை செய்தார். பத்து வயது மூத்தவர். மக்ரல் கூட்டம் முதன்முதல் கரைக்கு அணைகிற கிழமையை எப்படியோ மணந்து பிடித்துவிடுவார். "பாஸ்கரா, கும்பளா வந்திட்டுது" என்று ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். பொழுது விடியமுன்னம் இருவரும் கென்ற் கரையில் கடலுக்குள் நீளுகிற கல் அணையின் நுனியில் நிற்பார்கள். பிடித்ததைக் கொண்டுபோய் செவன் கிங்ஸில் அண்ணை வீட்டில் கொடுத்தால், அவர் மனைவி சிவமலர் அக்கா புளி விட்டுக் குழம்பு வைத்துப் புட்டும் அவித்துவிடுவா. பதினொரு வருஷம் அப்படித்தான் நடந்தது. பன்னிரண்டாவது வருஷம் அண்ணை திரும்பி வரவில்லை. அணையிலிருந்து விழுந்தவரை இரண்டு நாள் படகும் ஹெலியும் தேடின. தொப்பிகூடக் கிடைக்கவில்லை.

"ஒரு சத்தமும் கேக்கேல்லை அக்கா. திரும்பிப் பாக்கேக்க ஆளில்லை" என்று அன்றைக்கு அக்காவுக்குச் சொன்னான். பொலிசுக்கும் அதையே சொன்னான்.

அது பொய். அண்ணை கூப்பிட்டார். இவனுக்குக் கேட்டது. ஒரு வருஷமாக அந்தப் பொய்யை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்துக்கொண்டு திரிகிறான். மனைவிக்குச் சொல்லவில்லை. கோயிலில் கண்ணை மூடி நின்றால் சாமிக்குக்கூடச் சொல்ல வாய் வருவதில்லை. இன்றைக்கு அக்காவிடம் சொல்லிவிடுவது என்று விடிய அந்தக் கல் அணையில் நின்று முடிவு எடுத்திருந்தான். அடிக்கட்டும், காறித் துப்பட்டும், சொல்லிவிட வேண்டும். அதற்குத்தான் போனான்.

அக்கா போன கிழமை கடைக்கே தேடி வந்திருந்தா. ஒரு வருஷமாகப் பொட்டை அழிக்காமல், தாலியைக் கழற்றாமல், உடம்பு கிடைக்காத மனிசனுக்கு என்ன கிரியை என்று ஐயரோடும் சொந்தக்காரரோடும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தவ, வெண்டிக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தணிந்த குரலில் சொன்னா.

"அவர் பசியோட நிக்கிறார் தம்பி. கனவில வந்து குசினி வாசலில நிக்கிறார், உள்ளுக்கு வாறாரில்லை. எட்டுச் செலவு செய்யப்போறன். அந்த இடத்து மீன் வேணும். நீர்தான் பிடிச்சுத் தரவேணும்."

எட்டுச் செலவு என்பது யாழ்ப்பாணத்துச் சனம் செத்தவருக்குச் செய்கிற படையல். எட்டாம் நாள், போனவருக்கு வாய்க்குப் பிடித்ததெல்லாம், மச்சம் மாமிசம் குடிவகை என்று ஒன்றும் விடாமல், வாழையிலையில் படைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அறையைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். வந்து சாப்பிடட்டும் என்று. பிறகு ஒரு பங்கை ஆண்பிள்ளை ஒருவர் சந்திக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். பார்த்தால், போகிறவர் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பின்னாலேயே வந்துவிடுவாராம். அண்ணைக்கு எட்டாம் நாளும் இல்லை, முப்பத்தோராம் நாள் கிரியையும் இல்லை. இந்த ஒரு வருஷத்தில் எந்த நாளை எட்டு என்று எண்ணுவது? கடல் எடுத்த திகதியையே அக்கா வைத்துக்கொண்டா.

செவன் கிங்ஸ் வீட்டுக் கதவைத் திறந்தது மகள் ஆரணி. யூனிவர்சிற்றி முதல் வருஷம் படிக்கிற பிள்ளை. "வாங்கோ மாமா" என்றாள், பெட்டியைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. தாய்க்காகச் சரி என்றிருக்கிறாள். இருந்தும் விடியவே எழும்பிக் கம்பளத்துக்கு ஹூவர் பிடித்து, கண்ணாடிகளுக்குத் துணி போட்டு, முன்னறையைக் கோயில் மாதிரி வைத்திருந்தாள் பாவம்.

பின்னேரம் அக்கா குசினியில் மீனை வெட்டினா. முதல் மீனின் வயிற்றைக் கீறியதும் சிவக்க இரத்தம் பலகையில் ஓடியது. வடித்த மீன். காலை ஆறு மணிக்கு அவன் கையாலேயே கடைசிச் சொட்டுவரை வடித்த மீன். அக்கா புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நல்ல உடன்மீன், இன்னும் சூடாக் கிடக்கு" என்றா. சந்தோஷமாகத்தான் சொன்னா. பாஸ்கரன் ஒரு மீனைத் தொட்டுப் பார்த்தான். ஐஸுக்குள் கிடந்து வந்த மீன், காய்ச்சல்காரப் பிள்ளையின் கை போலக் கதகதப்பாக இருந்தது. கையை இழுத்துக்கொண்டு பைப்பில் கழுவினான். நெடுநேரம் கழுவினான்.

புளி கரைத்து, வெந்தயமும் உள்ளியும் தாளித்து, தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு கொதித்தது. கொதிக்கக் கொதிக்க வீடு நிறைய வேறொரு வாசம் பரவியது. நனைந்த கயிறு, டீசல், கல்லிடுக்கில் கிடந்து அழுகும் கடற்பாசி. கல் அணையின் நுனியில் விடியமுன்னம் அடிக்கிற வாசம். அக்காவின் முகத்தைப் பார்த்தான், ஆரணியின் முகத்தைப் பார்த்தான். அவர்களுக்குக் குழம்புதான் மணத்தது. ஆரணி பசிக்கிறது என்றுகூடச் சொன்னாள்.

சொல்ல வேண்டியதைச் சொல்ல அவனுக்கு அந்தப் பின்னேரம் நாலு தரம் இடம் கிடைத்தது. நாலு தரமும் தேத்தண்ணி குடித்தான், அல்லது சிங்கில் கிடந்த கோப்பையைக் கழுவினான்.

லண்டன் மே மாதத்துப் பொழுது சாவேன் என்று ஒத்துக்கொள்ளாது. ஒன்பது மணிக்குத்தான் மெல்ல மம்மல் விழுந்தது. முன்னறையில் அண்ணையின் படத்துக்கு முன்னால் இலை போட்டார்கள். புட்டு, மீன் குழம்பு, பொரித்த மீன், முட்டை, ஒரு கிளாஸ் சாராயம், அவர் குடிக்கிற சிகரட். விளக்கைக் கொளுத்திச் சாம்பிராணி காட்டியதும் அக்கா இவன் பக்கம் திரும்பினா. "கடைசியாப் பக்கத்தில நிண்டது நீர்தானே தம்பி. நீர் கூப்பிடும்" என்றா.

 எனக்கு ஏலாது என்று சொல்ல ஒரு நியாயம் வேண்டுமே, எதைச் சொல்வது? "பாலேந்திரா அண்ணை, வாங்கோ. வந்து சாப்பிடுங்கோ" என்று கூப்பிட்டான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல் இருந்தது. மூன்று தரம் கூப்பிட வேண்டும். கூப்பிட்டான். விளக்குச் சுடர் ஆடவில்லை, யன்னல் சீலை அசையவில்லை. அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு மூவரும் குசினிக்குப் போய் இருந்தார்கள். ஊதுபத்தி ஒன்று எரிந்து முடியுமட்டும் திறக்கக்கூடாது.

சுவருக்கு அப்பால் முன்னறை. அடுத்த வீட்டு ரீவி மெல்லக் கேட்டது. அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தா. ஆரணி போனைத் தடவிக்கொண்டிருந்தாள். பாஸ்கரன் சுவரைப் பார்த்தபடி இருந்தான். முதலில் ஒரு சொட்டு. பிறகு ஒன்று. தண்ணீர் சொட்டுகிறது, கம்பளத்தில் சொட்டுகிற மந்தமான சத்தம், நனைந்த உடுப்போடு ஒருவர் அசையாமல் நின்றால் எப்படிச் சொட்டுமோ அப்படி. குழாயைப் பார்த்தான். குழாய் காய்ந்து கிடந்தது.

அந்தச் சத்தத்துக்குள் இருந்துதான் போன வருஷத்து அந்தக் காலை முழுசாக அவன் முன்னால் வந்து நின்றது. வேண்டாம் என்று தள்ளினாலும் போகவில்லை. மீன் கூட்டம் கரைக்கு அணைந்த நேரம். ஆறு தூண்டில் முள்ளிலும் வெள்ளை இறகு கட்டிய அவனுடைய கயிறு கனத்து இழுத்தது. ஆறும் நிறைந்து வருகிறது என்று கைக்குத் தெரிந்தது. வருஷத்தின் முதல் மீன்பாடு. ரீலைச் சுற்றுகிற நேரம் ஒரு பெரிய அலை கல்லில் அடித்துச் சிதறியது, முதுகில் தெறித்தது. "பாஸ்கரா." அண்ணையின் குரல். மீன் ஏந்துகிற கைவலை கேட்கிறார் என்று நினைத்தான். அப்படித்தான் நினைத்தான், சத்தியமாக. "பொறுங்கோ அண்ணை, ஆறு விழுந்திருக்கு" என்று திரும்பாமலே சொன்னான். மீனைக் கழற்றத் தொடங்கினான். இரண்டாவது தரமும் கூப்பிட்டார். "பாஸ்கரா."

இரண்டாவது தரம் குரல் கீழேயிருந்து வந்தது.

அது அவனுக்கு அப்போதே விளங்கியது. விளங்கியும் கையில் இருந்த மீனைக் கழற்றி முடித்தான்.  விளங்கியதை விளங்காததுபோல் வைத்துக்கொள்ள ஒரு மீன் கழற்றுகிற நேரம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆறு மீனும் வாளிக்குள் விழுந்த பிறகு திரும்பினான்.

"பத்தி முடிஞ்சிருக்கும்" என்று அக்கா எழும்பினா. கதவடியில் நின்று மூன்று தரம் கைதட்டி, வருகிறோம் என்று காட்டிவிட்டுத் திறந்தா. அறையில் ஆள் இல்லை, கம்பளம் காய்ந்துதான் இருந்தது. இலையில் எல்லாம் வைத்தது வைத்தபடி. ஆனால் உதிரியாக இருந்த புட்டு ஊறிக் கூழாகி இலை முழுக்கப் பரந்திருந்தது. அக்கா ஒரு விரலால் தொட்டு வாயில் வைத்தா. முகம் சுருங்கியது.

"உப்பு" என்றா. "நான் இவ்வளவு உப்பு போடேல்லையே." பிறகு அந்த முகம் மெல்ல மெல்லத் தெளிந்து, ஒரு வருஷமாகப் பாஸ்கரன் காணாத ஒரு வெளிச்சம் அதில் வந்தது. "வந்திருக்கிறார் பிள்ளை. தொட்டிருக்கிறார்" என்று மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதா. நம்பாத ஆரணியும் தாயின் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கினாள். பாஸ்கரன் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இந்த இரண்டு சீவன்களையும் இப்படி ஆக்கி வைத்தவன் நான் என்று பட்டது. இப்போது சொல்லாவிட்டால் இனி ஒருநாளும் இல்லை.

"அக்கா" என்றான். "அண்டைக்கு..."

அவ கண்ணைத் துடைத்துக்கொண்டு, இலையின் ஒரு பங்கைச் சின்ன இலையில் மடித்து அவன் கையில் வைத்தா. மடித்த கையை எடுக்காமல் சொன்னா.

"எனக்குத் தெரியும் தம்பி, நீர் உம்மையே குற்றம் சொல்லிக்கொண்டு திரியிறீர். வேண்டாம். அவர் கூப்பிட்டிருந்தால் நீர் கடலுக்கை குதிச்சிருப்பீர். கூப்பிடக்கூட நேரமில்லாமல் போயிட்டார். அந்த ஒண்டை நினைச்சுத்தான் நான் நித்திரை கொள்ளுறனான்."

 இலைக்குள் மீன் சூடாக இருந்தது.

"கூப்பிடேல்லை அக்கா" என்றான்.

படியில் இறங்கும்போது ஆரணி பின்னாலேயே வந்து, திரும்பிப் பார்க்க வேண்டாம் மாமா, அம்மாவுக்காக, என்று இங்கிலிஷில் சொன்னாள். அவன் தலையாட்டினான். வீதி முனை அறுபது மீற்றர் தூரம்கூட இல்லை. பெரிய வீதியோடு சேருகிற மூலையில் ஒரு மரம், பூட்டிக் கிடந்த லோண்ட்ரி, குப்பை வாளிகள். ஊரில் என்றால் காகமும் நாயும் தின்னும். இங்கே நரி வரும். 86 பஸ் ஒன்று வெளிச்சமாகக் கடந்து போனது, மேல்தட்டில் ஒருத்தி கண்ணாடியில் தலை சாய்த்து நித்திரை. மரத்தடியில் இலையை விரித்து வைத்தான். போயிட்டு வாங்கோ அண்ணை என்று மனதுக்குள் சொன்னான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றும் சொன்னான். எழும்பி, வீட்டுப் பக்கம் முகத்தை வைத்து நடந்தான்.

பத்து அடி நடந்திருப்பான். பெரிய வீதியின் இரைச்சல் அறுந்து போனது. கார் இல்லை, பஸ் இல்லை. தூரத்து வாசலில் மஞ்சள் வெளிச்சத்தில் ஆரணி நிற்பது தெரிந்தது. காற்று ஈரமாக இருந்தது. பாசி வாசம். டீசல். முதுகில் ஏதோ தெறித்தது. நாலைந்து துளி. குளிர்ந்த துளி.

"பாஸ்கரா."

பயம் இல்லாத குரல். வலை கேட்கிற குரல்.

நின்றான்.  திரும்பக்கூடாது. அக்கா சொன்னது, ஆரணி சொன்னது, காலங்காலமாகச் சனம் சொன்னது. திரும்பினால் பின்னாலே வந்துவிடுவார். வரட்டும் என்று நினைத்தான். வந்தால் அந்த வாசலுக்குத்தானே வருவார். குசினி வாசலில் ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது தரம் கூப்பிட விடமாட்டேன். இந்த முறை விடமாட்டேன்.

திரும்பினான்.

பாலேந்திரா அண்ணை மரத்தடியில் நின்றார். அந்த நீல மழைச்சட்டை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கையில் தூண்டில் தடி வில்லாக வளைந்திருந்தது. ரீலைச் சுற்றினார். நிதானமாக. ஒவ்வொரு சுற்றுக்கும் தோள் அசைந்தது. அவருக்கு முன்னால் வீதி இல்லை, லோண்ட்ரி இல்லை. கறுப்பு. அந்தக் கறுப்பு மேலும் கீழும் மூச்சு விட்டது.

"அண்ணை."

முதுகு திரும்பவில்லை. கயிறு மேலே வந்தது. ஆறு முள்ளிலும் ஆறு வெள்ளி. துடித்தன. குனிந்து முதல் மீனைக் கழற்றத் தொடங்கினார்.

பாஸ்கரன் காலைப் பார்த்தான். சப்பாத்தைக் காணவில்லை. தண்ணீர். முழங்கால் அளவு. குளிர் எலும்பைக் கவ்வியது. வாசல் வெளிச்சத்தைத் தேடினான். எங்கும் இல்லை. கை எதையோ பிடிக்கப் போனது. வழுக்கியது. பாசி பிடித்த கல். இடுப்பு. நெஞ்சு. அண்ணை இப்போது உயரத்தில் நின்றார். கல் அணைக்குமேலே. இரண்டாவது மீன். மூன்றாவது.

கூப்பிட்டான். முழு மூச்சையும் சேர்த்து, இன்னொரு தரம், அண்ணை என்று கூப்பிட்டான்.

குரல் கீழேயிருந்து வந்தது. அது அவனுக்கே கேட்டது.

மேலே அந்த முதுகு ஒரு கணம் அசையாமல் நின்றது. கேட்டிருக்கிறது. பிறகு தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது. பாலேந்திரா அண்ணை நாலாவது மீனை முள்ளிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். கயிற்றில் இன்னும் இரண்டு இருந்தன.